வாலப்பன் கைக்குள் ஒரு காவல்காரன்

"எறும்பு இல்லவே இல்லை மச்சான்!" என்றது கருவாயன்.

"நல்லாப் பாருடா! கடிக்குது! தோள்ல ஆரம்பிச்சுச் சுண்டுவிரல் வரைக்கும் வரிசையாக் கடிக்குது!" என்று கத்தியது வாலப்பன்.

கருவாயன் மறுபடி பார்த்தது. வாலப்பனின் வலது கையில் மயிரை ஒவ்வொன்றாக ஒதுக்கிப் பார்த்தது. ஒரு முசிறு எறும்புகூட இல்லை. பேனும் இல்லை. முழங்கைக்குக் கீழே விரல் பட்டதும், "ஐயோ!" என்று வாலப்பன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது.

கருவாயனின் முகம் விழுந்துவிட்டது.

இரண்டும் முசுக் குரங்குகள். கரிய முகம், சாம்பல் உடம்பு, உடம்பைவிட நீளமான வால். முசுக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. பேன் பார்க்க வந்தவரிடமிருந்து கையை இழுத்தால், 'உன் உறவே வேண்டாம்' என்று அர்த்தம். வெட்டுப்பழி குத்துப்பழி உள்ளவர்கள்தான் அப்படிச் செய்வார்கள். கருவாயனோ வாலப்பனின் தங்கையைக் கட்டியது!

"என் மேல என்ன கோவம் மச்சான்?"

"கோவம் இல்லை மாப்ளே! நீ தொட்டா எரியுது!"

"பூ மாதிரித்தானே தொட்டேன்?"

"பூ விழுந்தாலும் எரியுதுடா! நேத்து ஒரு பூ விழுந்துச்சு. எரிஞ்சுது!"

கருவாயன் நம்பவில்லை. பூ விழுந்து யாருக்காவது எரியுமா? எழுந்து வேறு கிளைக்குப் போய்விட்டது.

வாலப்பனுக்கே அதை நம்ப முடியவில்லை என்பதுதான் உண்மை.

வாலப்பன் அந்தக் கூட்டத்தின் காவல்காரன். எல்லாரும் இலை தின்னும்போது அது மட்டும் மர உச்சியில் உட்கார்ந்து சுற்றிலும் பார்க்கும். சிறுத்தை தெரிந்தால், "கக்! கக்கக்!" என்று கத்தும். உடனே கூட்டம் இருந்த கிளையிலேயே உறைந்துபோகும். கீழே மேயும் புள்ளிமான்களுக்கும் அந்தச் சத்தம்தான் காது.

ஐப்பசி மழையில் ஒருநாள் சிறுத்தை வந்தது. கத்திக்கொண்டே அடுத்த மரத்துக்குத் தாவியது வாலப்பன். ஈரக் கிளை முறிந்தது. வலது கையால் ஒரு கொடியைப் பிடித்தது. முழு உடம்பும் அந்த ஒற்றைக் கையில் தொங்கியது. தோளுக்குள் 'மடக்' என்று ஏதோ ஆனது. உயிர் பிழைத்தது. கொடி உரசிக் கிழிந்த தோல் கார்த்திகைக்குள் ஆறி, மேலே மயிரும் முளைத்துவிட்டது.

இப்போது தை மாதம். வலி மட்டும் போகவில்லை!

சில நேரம், காட்டோரத்து மின்வேலியைத் தொட்டதுபோலச் சுரீரென்று ஓடும். சில நேரம் விரல்கள் மரத்துப்போகும். பனிக்காற்று பட்டால் எரியும். சில நாள் ஒன்றுமே இருக்காது. ஏன் வருகிறது? ஏன் போகிறது? ஒரு மண்ணும் புரியவில்லை. காயம் இருந்தால் வலிக்கும், காயம் ஆறினால் வலி போகும். இப்படித்தானே எல்லாருக்கும் நடக்கிறது?

வாலப்பன் கேட்காத ஆள் இல்லை.

மரங்கொத்தி சொன்னது: "கையை ஆட்டாதே! ஒரு மண்டலம் அப்படியே கிட!"

கரடி சொன்னது: "படுத்தா கை செத்துரும்! தாவு! வலிக்க வலிக்கத் தாவு! வலியே பயந்து ஓடிரும்!"

முள்ளம்பன்றி சொன்னது: "உள்ள ஏதோ முள் இருக்கு. என் அனுபவத்துல சொல்றேன்." அதற்கு எல்லாமே முள்தான்.

வாலப்பன் மூன்று பேர் சொன்னதையும் செய்தது. வலிக்கிற நாளில் மரங்கொத்தி சொன்னபடி கிளையைக் கட்டிக்கொண்டு கிடந்தது. வலிக்காத நாளில் கரடி சொன்னபடி கிடந்த நாளுக்கெல்லாம் சேர்த்துத் தாவியது. அதற்கு அடுத்த நாள் மறுபடி கிடந்தது. கிடந்தபடியே முள்ளைத் தேடியது. முள் கிடைக்கவில்லை. கிடக்கிற நாள்தான் ஒன்றாகி, மூன்றாகி, ஐந்தாகியது.

ஒருநாள் தலைவர் சிலம்பன் வந்து எதிரே உட்கார்ந்தது. பெரிய கடுவன். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"வாலப்பா! பங்குனியில இந்தக் காடு மொட்டையாயிரும். தெரியும்ல?"

"தெரியும் தலைவரே."

"ஆத்தங்கரை மருத மரத்துக்குப் போகணும். பிளவுப் பாறையைத் தாண்டணும். காவக்காரன்தான் முதல்ல குதிச்சு அந்தப் பக்கம் பாக்கணும். நீ குதிப்பியா?"

பிளவுப் பாறை என்பது இரண்டாகப் பிளந்த மலை. நடுவே பள்ளம். இந்தப் பக்கத்து வேங்கை மரத்திலிருந்து அந்தப் பக்கத்து ஆலமரத்துக்கு ஒரே தாவு. அந்தப் பக்கக் கிளையை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்க வேண்டும்.

வாலப்பன் தன் வலது கையைப் பார்த்தது. "அதுக்குள்ள சரியாயிரும் தலைவரே."

"சரியாகலைன்னா காவல் கருவாயனுக்கு. உன்னைத் தூக்கிட்டுப் போக இங்க யாருக்கும் முதுகு இல்லை. நீ இங்கேயே இருக்க வேண்டியதுதான்."

மொட்டைக் காட்டில், இலையும் நிழலும் இல்லாமல், ஒற்றைக் குரங்கு. எத்தனை நாள் தாங்கும்? சிலம்பன் அதைச் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை.

மறுநாள் காலை வலி உயிரை எடுத்தது. வாலப்பன் கிளையைக் கட்டிக்கொண்டு கிடந்தது. கீழேயிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏனுங்க காவக்காரரே! உசுரோட இருக்கீங்களா, போயிட்டீங்களா?"

பொட்டம்மா! புள்ளிமான். உடம்பெல்லாம் பொட்டு. மரியாதையாகப் பேசியே மானத்தை வாங்கும்.

"எனக்கு வலிக்குது அம்மணி! சும்மா இரு!"

"உங்களுக்கு வலிக்குது. எங்களுக்குப் பசிக்குதுங்க!"

அது நியாயம்தான். முசுக் குரங்கு ஒரு இலையைக் கடித்தால் பத்து இலையைக் கீழே போடும். அந்தப் பத்தைத் தின்றுதான் மான்கள் கோடையை ஓட்டும். தை பிறந்தால் புல் காய்ந்துவிடும். பொட்டம்மாவின் ஆட்கள் வழக்கமாக வாலப்பன் உட்காரும் மரத்தடியில்தான் மேய்வார்கள். காவலும் கிடைக்கும், இலையும் கிடைக்கும்.

"அஞ்சு நாளைக்கு முன்னால என்ன பண்ணுனீங்க? முப்பது மரம் ஓடுனீங்க! என்ற குட்டிய இழுத்துக்கிட்டு உங்க பின்னால ஓட எங்களால ஆகுதுங்களா? பாதி இலை வீணாப் போச்சு. அதுக்கப்புறம் அஞ்சு நாளா ஒரே மரம். இன்னைக்கு ஒத்தை இலை விழுகலை! இப்படி வாரிக் கொட்டிட்டு அப்புறம் வயித்துல அடிக்கிறதுக்கு, தினம் கொஞ்சம் போட்டா என்னங்க?"

"அன்னைக்கு வலி இல்லை, ஓடினேன். இன்னைக்கு வலிக்குது, கிடக்கிறேன். இதுல என்ன தப்பு? சத்தம் வந்தா அசையக் கூடாது. சத்தம் நின்னா ஓடணும். எங்க கூட்டத்துச் சட்டமே அதுதான்!"

"அது சிறுத்தை வந்தாத்தானுங்க?"

"கைக்குள்ளயும் சத்தம்தானே வருது?"

பொட்டம்மா அசை போடுவதை நிறுத்தியது. இந்தக் குரங்கு தன் கை வலியை மூன்று மாதமாகச் சிறுத்தைபோல நினைத்துக்கொண்டிருக்கிறது என்பது அதற்கு அப்போதுதான் தெரிந்தது.

"காவக்காரரே, கோவிச்சுக்காதீங்க. ஐப்பசியில சிறுத்தையப் பாத்துட்டு அதுக்கப்புறம் ஒரு மாசம் என்ன பண்ணுனீங்க?"

"கவனமா இருந்தேன்."

"கரையான் புத்தப் பாத்துக் கத்துனீங்க! காஞ்ச கட்டையப் பாத்துக் கத்துனீங்க! என்ற நிழலப் பாத்துக்கூடக் கத்துனீங்க!"

வாலப்பன் வாலைச் சுருட்டிக்கொண்டது. உண்மைதான்.

"மொத ரெண்டு நாளு நாங்களும் விழுந்தடிச்சு ஓடுனோமுங்க. அப்புறம் பாத்தோம். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஓடுனா மேயறது எப்போ? அதனால சத்தம் வந்தா நிப்போம். மூக்கத் தூக்கி மோந்து பாப்போம். சிறுத்தை வாசம் இல்லைன்னா மறுபடி மேய்வோம். மெதுவா, பாத்துப் பாத்து. ஓடவும் மாட்டோம், படுக்கவும் மாட்டோம்."

"சரி, அதுக்கும் என் கைக்கும் என்ன?"

"உங்க கைக்குள்ளயும் உங்களாட்டம் ஒரு காவக்காரன் உக்காந்திருக்கானாட்டம் இருக்குதுங்க. ஒருக்கா பயந்துட்டான். இன்னும் பூ விழுந்தாலும் கத்துறான்!"

வாலப்பனுக்குக் கோபம் வந்தது. "அப்போ என் வலி பொய்யா? நடிக்கிறேனா?"

"சத்தம் நெசமுங்க. சிறுத்தைதான் இல்லை."

வாலப்பன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "எனக்குப் புரியலை அம்மணி."

"எனக்கு மட்டும் புரிஞ்சுதாக்கும்? எனக்குப் பசிக்குது, அவ்வளவுதான் தெரியும். நீங்க தினமும் மூணு மரம் போங்க. மூணுலயும் இலை போடுங்க. நாங்க கீழ வாறோம். வலிச்சாலும் மூணு, வலிக்கலைன்னாலும் மூணு!"

"தாங்க முடியாத அளவுக்கு வலிச்சா?"

"ஒண்ணு போங்க. கிடந்த இடத்துலயே கிடக்காதீங்க."

"கை வீங்கினா? தூக்கவே முடியாமப் போனா?"

"அது நெசச் சிறுத்தையா இருக்குமுங்க. அப்போ நில்லுங்க. நின்னு பாருங்க."

"வலியே இல்லாத அன்னைக்கு முப்பது போகலாமா?"

"மூணுன்னா மூணுங்க! காது கேக்குதுங்களா?"

அன்று வாலப்பன் ஒரு மரம் போனது. தாவவில்லை. தாவ முடியவும் இல்லை. அடிமரத்தைப் பிடித்து இறங்கி, தரையில் நடந்து, அடுத்த மரத்தில் இடது கையை முதலில் வைத்து ஏறியது. கை எரிந்தது. நின்றது. வீங்கியிருக்கிறதா என்று பார்த்தது. இல்லை. இன்னும் ஒரு அடி ஏறியது. எரிந்தது. மேலே போய் நான்கு கொத்து இலையைப் பறித்துப் போட்டது.

"இவ்வளவுதானுங்களா?" என்றது பொட்டம்மா.

"இவ்வளவுதான்!"

"பரவாயில்லைங்க. நேத்தைக்கு இதுவும் இல்லை."

கூட்டத்தில் சிரிப்பு தாங்கவில்லை. "காவக்காரன் தரையில நடக்கிறான்! கொம்பு எப்போ முளைக்கும்?" என்று கேட்டார்கள். "இனிமே புல்லுத் திம்பான் பாரு!" என்றது கருவாயன். அதற்கு இன்னும் மனத்தாங்கல்.

வாலப்பனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் போனது. விடிந்ததும் கிளம்பினால் குளிரில் கை எரிகிறது என்று இரண்டாம் நாள் தெரிந்தது. அதனால் வெயில் முதுகில் ஏறும்வரை கையைத் தொங்கவிட்டு, மெல்ல முன்னும் பின்னும் ஆட்டியபடி உட்கார்ந்திருக்கும். விரல்களை மடக்கி மடக்கி நீட்டும். பிறகு கிளம்பும். மெல்லிய கிளையைப் பிடித்துத் தொங்கினால் சுரீரென்கிறது. அதனால் தடித்த கிளையின் மேல் நாலு காலில் நடந்து போகும். அப்படி நடந்தால் காவல்காரனுக்கு அழகில்லை. ஆனால் இலை விழுந்தது.

எட்டு நாளைக்குப் பிறகு பொட்டம்மா சொன்னது: "நாளையிலேர்ந்து நாலு."

"வலி குறையலையே அம்மணி!"

"மூணு போறதுக்கு முன்னால எப்படி இருந்துச்சோ, இப்பவும் அப்படித்தானே இருக்குது?"

"ஆமா."

"அப்போ மூணு போனதால ஒண்ணும் கெட்டுப் போகலை. நாலு போங்க."

வாலப்பன் குழம்பிப்போனது. வலி குறைந்தால்தானே அதிகம் போக வேண்டும்? வலி இருக்கும்போதே அதிகம் போனால் அது முட்டாள்தனம் இல்லையா? ஆனால் நான்கு போனது. கை நேற்றுப்போலவே எரிந்தது. அதற்கு மேல் எரியவில்லை. பிறகு ஐந்து. பிறகு ஆறு.

மாசி நடுவில் அந்த நாள் வந்தது.

விழித்துப் பார்த்தால் வலி இல்லை! தோளைச் சுழற்றியது. இல்லை. கையை உதறியது. இல்லை! வாலப்பனுக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

"போயிருச்சு! போயிருச்சு!" என்று கத்திக்கொண்டு பாய்ந்தது. ஆறு மரம் போனது. ஏழு, பத்து, பதினைந்து! கூட்டமே நிமிர்ந்து பார்த்தது. சிலம்பன்கூடத் தலையாட்டியது. கீழே பொட்டம்மா, "ஆறுங்க! ஆறுங்க!" என்று கத்திக்கொண்டே ஓடி, பிறகு மூச்சு வாங்கி நின்றுவிட்டது. இருபது மரம்!

மறுநாள் கை நெருப்பாக இருந்தது. அதற்கு மறுநாளும்தான். ஐந்து நாள் வாலப்பன் அசையவில்லை. ஆறாம் நாள் கீழே பார்த்தது. ஒரு மானும் இல்லை.

பொட்டம்மா வேறு குரங்கின் மரத்தடிக்குப் போய்விட்டது.

யாராவது திட்டியிருந்தால்கூட வாலப்பன் தாங்கியிருக்கும். வெறும் மரத்தடியைப் பார்ப்பது கஷ்டமாக இருந்தது. எங்கே தப்பு நடந்தது? வலி இல்லாதபோது ஓடியதுதான் தப்பா? வலி இல்லை என்றால் எல்லாம் சரி என்றுதானே அர்த்தம்?

அன்று யாரும் சொல்லாமலே வெயிலில் உட்கார்ந்து விரலை மடக்கியது. மூன்று மரம் போனது. ஆளில்லாத தரையில் இலையைப் போட்டது. மறுநாளும் மூன்று. நான்காம் நாள் கீழே சருகு சரசரத்தது.

"அந்தக் குரங்கு கஞ்சப்பயலுங்க. எல்லாத்தையும் அதுவே திங்குது" என்றது பொட்டம்மா. குனிந்து மேய்ந்தது.

"அம்மணி, ஒண்ணு கேக்கட்டுமா? காவக்காரன் கத்தாம இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"என்ன கேள்வி இது? அப்பவும் மூக்கத் தூக்கிப் பாத்துக்கிட்டுத்தான் மேய்வோம். காவக்காரன் தூங்கிருந்தா?"

வாலப்பன் அதைப் பலமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தது. 'காவல்காரன் தூங்கியிருந்தால்?' சத்தம் வந்தால் சிறுத்தை இருக்கிறது என்று அர்த்தமில்லை. சத்தம் வராவிட்டால் சிறுத்தை இல்லை என்றும் அர்த்தமில்லை. அப்போது எதைத்தான் நம்புவது? மரத்தை எண்ணுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. எண்ணியது.

இன்னொரு காரியமும் செய்தது. ஒருநாள் கருவாயனிடம் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தது.

"மாப்ளே, இடது பக்கம் பாரு. முதுகைப் பாரு. வலது கையை மட்டும் விட்டுரு. அது கிறுக்குப் பிடிச்ச கை. உன் மேல எனக்கு எந்தக் கோவமும் இல்லை."

கருவாயன் கிட்டே நகர்ந்தது. பிறகு முதுகில் கை வைத்தது. "பேன் மேயுது மச்சான்! ஒரு மாசமா யாரும் பாக்கலையா?"

"நீதானே பாக்கணும்!"

பங்குனி பாதி போனது. காடு மொட்டையானது. வாலப்பன் மூன்றிலிருந்து மெல்ல மெல்லக் கூட்டி, நாளைக்கு ஒன்பது மரம் போய்க்கொண்டிருந்தது. வலி இருந்தது. சில நாள் கத்தியது, சில நாள் முணுமுணுத்தது. ஒன்பது மரம் மட்டும் நடந்தது.

கிளம்பும் நாளன்று கூட்டம் வேங்கை மரத்தில் ஏறி நின்றது. எதிரே பள்ளம். அந்தப் பக்கம் ஆலமரம். மான் கூட்டம் விடிவதற்கு முன்பே பள்ளத்துக்குள் இறங்கிவிட்டது. அதற்குத் தாவத் தெரியாது. பள்ளத்தின் அடியில் நடந்து, சுற்றிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போகும். மூன்று நாள் ஆகும்.

"வாலப்பா! முன்னால வா!" என்றது சிலம்பன்.

வாலப்பன் வந்தது. அன்று என்ன கொடுமை தெரியுமா? அன்று வலியே இல்லை! துளிக்கூட இல்லை! தோள் எண்ணெய் போட்டதுபோலச் சுழன்றது.

"கை எப்படி இருக்கு?" என்றது சிலம்பன்.

பொய் சொல்ல வாலப்பனுக்கு வாய் வரவில்லை. "இன்னைக்கு வலி இல்லை தலைவரே."

"அப்புறம் என்ன? குதி!"

"குதி மச்சான்! ஒரே தாவு!" என்றது கருவாயன்.

"குதி! குதி! குதி!" என்று கூட்டமே கிளையை உலுக்கியது.

வாலப்பன் எதிர்க்கிளையைப் பார்த்தது. குதித்தால் போய்விடலாம். அதில் சந்தேகமே இல்லை. காவல் கையில் இருக்கும். கூட்டம் கூட இருக்கும். நாளைக்கு? நாளைக்கு அந்தப் பக்கத்து ஆலமரத்தில் கையைக் கட்டிக்கொண்டு கிடந்தால், ஆற்றங்கரைக்கு இன்னும் ஒரு பகல் தூரம் இருக்குமே, யார் நிற்பார்கள்? ஒருவேளை நாளைக்கும் வலிக்காமல் இருந்தால்? தெரியவில்லை! அதுதான் தலைவலி. எதுவுமே தெரியவில்லை. இருபது மரம் ஓடிய அன்றும் இதே கைதான். இதே அமைதிதான்.

"என்னடா யோசிக்கிறே? பயமா?" என்றது சிலம்பன்.

"ஆமா தலைவரே. பயம்தான்."

கூட்டம் கிளையை உலுக்குவதை நிறுத்தியது. காவல்காரன் இப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

"நான் பள்ளத்து வழியா வர்றேன். மூணு நாள்ல வந்திருவேன்."

"மானுங்களோடயா? தரையிலயா?" சிலம்பன் பல்லைக் காட்டியது. "இப்போ நீ குதிக்கலைன்னா காவல் போச்சு! உனக்காக யாரும் நிக்க மாட்டோம்! குதிடா!"

வாலப்பன் கீழே இறங்க இடது கையை அடிமரத்தில் வைத்தது.

பள்ளத்துக்குள் மூன்றாவது வளைவில் மான்களைப் பிடித்தது. பொட்டம்மா திரும்பிப் பார்த்தது. "நீங்களா!" என்றது. வேறு ஒன்றும் கேட்கவில்லை. மேலே பாறை உச்சியில் கூட்டத்தின் கூச்சல் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு ஓய்ந்தது.

பள்ளத்தில் அங்கங்கே அத்தி மரங்கள் இருந்தன. வாலப்பன் ஒன்பது மரம் போனது. இலை போட்டது. உட்கார்ந்துவிட்டது.

இரண்டாம் நாள் காலை கை எரிந்தது!

"நான் குதிக்கவே இல்லையே!" என்று அழுதது வாலப்பன். "ஒன்பதுக்கு மேல ஒரு மரம்கூடப் போகலையே! அப்புறம் ஏன்?"

"எனக்கென்னங்க தெரியும்? வெயில் ஏறட்டும்."

வெயில் ஏறியது. கையை ஆட்டியது. விரலை மடக்கியது. வீங்கியிருக்கிறதா என்று பார்த்தது. இல்லை. அன்று நான்கு மரம்தான் முடிந்தது. மான்கள் முனகின. ஆனால் நின்றன. நான்கு மரத்து இலை, வெறும் வயிற்றைவிட மேல்.

மூன்றாம் நாள் ஏழு. நான்காம் நாள் ஒன்பது.

நான்காம் நாள் சாயங்காலம் ஆற்றங்கரை வந்துவிட்டது. மருத மரங்கள் பச்சையாக நின்றன. மேலே கூட்டம் இலை தின்றுகொண்டிருந்தது. உச்சியில் கருவாயன் உட்கார்ந்திருந்தது. புதுக் காவல்காரன்! சிலம்பன் ஒருமுறை கீழே பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. கருவாயன் மட்டும், "மச்சான்! வந்துட்டியா!" என்று கத்தியது. ஆபத்து இல்லாமல் காவல்காரன் கத்தக் கூடாது. அதற்காகச் சிலம்பனிடம் ஒரு அறையும் வாங்கியது.

வாலப்பன் தாழ்வான ஒரு மருதக் கிளையில் ஏறி, கால் நீட்டி உட்கார்ந்தது. கை எரிந்தது. அது பாட்டுக்கு எரியட்டும் என்று ஒரு கொத்தைப் பறித்து, பாதியைத் தின்றுவிட்டு, மீதியைக் கீழே போட்டது.

பொட்டம்மா அதை மென்றபடி கேட்டது: "அன்னைக்குப் பாறை மேல அத்தனை கூச்சலா இருந்துச்சே! பள்ளத்துக்குள்ள ஒண்ணும் தெளிவாக் கேக்கலை. என்னங்க சொன்னாங்க?"

"குதிக்கச் சொன்னாங்க."

"நீங்க?"

"குதிக்கலை."

வலி கத்துகிற நாளில் ஒரேயடியாகப் படுத்துவிடாமலும், வலி வாய் மூடிய நாளில் தலைதெறிக்க ஓடாமலும், தன் அளவைத் தானே பிடித்து நடப்பவரே போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேருவார்.